அகத்தியரை விஞ்சிய விண்மீன்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் ஸ்ரீவராகம் குளக்கரையை அறியாதவர் மிகச் சிலரே. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்தே சென்று சேரும் தொலைவில், திருமகளோடு எழுந்தருளிய வராகமூர்த்தியின் கோயிலும் அதனை ஒட்டிய பெருங்குளமும் உள்ளன. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து குடியேறிய நம்மவர்க்கு, நெருங்கிய வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் இடையே வானம் ஓரளவு முழுமையாகக் கிடைப்பது அக்குளத்தின் மேல்தான்.

சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில், இரவு 9 மணிக்கு மேல், குளத்தின் வடகரையில் நின்று தெற்கே நோக்குவோமாக. அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 22 பாகை உயரத்தில், நகர விளக்குகளின் மங்கிய வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் நம் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடம் உண்டு. 1843-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்விடத்துக்குரிய விண்மீன் ஒன்று, சிரியசு நீங்கலாக, வானத்து விண்மீன்கள் அனைத்தையும் விஞ்சி எரிந்தது. அந்நாளில் இந்நகரின் குன்றொன்றின்மேல் புத்தம் புதிய வானாய்வுக்கூடம் ஒன்றும் நின்றது. விண்ணில் எரிந்த அந்த மீனையும் மண்ணில் எழுந்த அந்தக் கூடத்தையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகத்தியருக்கும் சிலுவைக்கும் நடுவே

தென்வானத்தில் அகத்தியர் என்று நம் முன்னோர் குறித்த விண்மீனை மேனாட்டார் கனோபசு என்பர். பொதியமலை முனிவன் என்ற பெயரால் அதனைப் பரிபாடலின் வையைப் பாடலொன்று சுட்டுகிறது. கோள்களின் நிலையைச் சொல்லி, வையையில் வெள்ளம் பெருகும் காலத்தை உணர்த்தும் இடத்தில் அக்குறிப்பு வருகிறது. வானத்தைக் கண்டு காலத்தை அறிந்து, அறிந்ததைப் பாட்டில் பதித்து வைத்த மரபு நம்முடையது என்பதற்கு அது ஒன்றே போதிய சான்றாகும்.

சித்திரை முன்னிரவில் அகத்திய மீன் தென்மேற்கில் சாய்ந்திருக்கும். தென்சிலுவை என்னும் நான்கு மீன்களின் கூட்டம் தென்கிழக்கில் எழுந்து நிற்கும். இவ்விரண்டுக்கும் இடையில், சிலுவைக்குச் சற்று அணித்தாக உள்ளதே நாம் குறித்த இடம். பண்டைய கிரேக்கர் இப்பகுதி முழுவதையும் ஆர்கோ என்னும் மரக்கலமாகக் கண்டனர். பிற்காலத்து வானநூலார் அம்மரக்கலத்தைப் பிரித்து, அதன் அடிப்பகுதிக்குக் கரினா என்று பெயரிட்டனர். ஆர்கோவின் ஈட்டா என்று முன்னர் வழங்கப்பட்ட விண்மீன் இன்று ஈட்டா கரினே எனப்படுகிறது. அதனைச் சூழ்ந்து நிற்கும் பெரும்படலத்துக்குக் கரினா நெபுலா என்று பெயர். நெபுலா என்பதனை நாம் ஒண்முகில் என்று வழங்குவோம்.

இம்முகிலைக் காண எல்லா ஊராருக்கும் கொடுத்து வைக்கவில்லை. வடக்கே 30 பாகைக்கு அப்பால் வாழ்வோர்க்கு அது எழுவதே இல்லை. இலண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிய நம் பிள்ளைகள் அங்கிருந்தவாறு அதனை ஒருநாளும் காண இயலாது. துபாயில் அது அடிவானத்தை ஒட்டிச் சற்றே தலைகாட்டி மறையும். யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நன்கு எழும். சிட்னியிலோ அது மறைவதே இல்லை. நாம் ஊர் பெயரும்போது மண்ணும் மொழியும் மாறுவதை எளிதில் உணர்கிறோம். நம் தலைக்கு மேலுள்ள வானத்திலும் ஒரு பகுதி இழப்பாகவும் ஒரு பகுதி பேறாகவும் மாறுகிறது என்பதை நினைப்பவர் சிலரே.

ஒளி உமிழும் முகில்

விண்மீன்களுக்கிடையே உள்ள வெளி வெறும் பாழன்று. அங்கே ஹைட்ரஜன் வாயுவும் நுண்துகளும் திரண்டு முகில்களாய் மிதக்கின்றன. சில முகில்கள் இருண்டு கிடந்து பின்னாலுள்ள மீன்களை மறைக்கின்றன. சில, அருகிலுள்ள மீனின் ஒளியை வாங்கி எதிரொளிக்கின்றன. கார்த்திகைக் கூட்டத்தைச் சூழ்ந்த நீலப்படலம் இவ்வகையினது. மூன்றாம் வகை முகில்கள் தாமே ஒளி உமிழ்கின்றன. கரினா முகில் இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

அது தானே ஒளிரும் முறை அறியத்தக்கது. முகிலின் வயிற்றில் பிறந்த பெரிய விண்மீன்கள் நம் சூரியனினும் பன்மடங்கு வெப்பமுடையவை. அவற்றினின்று புற ஊதாக் கதிர்கள் வெள்ளமெனப் பாய்கின்றன. அக்கதிர் பட்ட ஹைட்ரஜன் அணு தன் எலெக்ட்ரானை இழக்கிறது. இங்ஙனம் இழத்தலை அயனியாதல் என்பர். இழந்த எலெக்ட்ரான் வேறோர் அணுக்கருவால் பற்றப்பட்டுப் படிப்படியாக இறங்கி நிலைகொள்ளும்போது, அது கைவிடும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. ஒளிப்படங்களில் இத்தகைய முகில்கள் செந்நிறமாய்த் தோன்றுவதற்கு ஹைட்ரஜனின் அச்சிவந்த ஒளியே காரணம். ஆகவே முகில் மீனைப் பெறுகிறது. பெற்ற மீன் முகிலை ஒளிர்விக்கிறது. தாயின் முகம் பிள்ளையால் விளங்குவது போன்றது இது.

கரினா முகில் நம்மிலிருந்து ஏறத்தாழ 7,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 300 ஒளியாண்டு ஆகும். வானத்தில் அது பரந்திருக்கும் இடம் முழுநிலவின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு. அதனுள் 60-க்கும் மேற்பட்ட மிகுவெப்ப விண்மீன்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. 1752-ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை ஆராய்ந்த இலக்காயில் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை முதன்முதல் குறித்தார். அதற்கு முன்பே, 1677-இல், செயிண்ட் எலெனாத் தீவிலிருந்த ஆலி என்பார் முகிலின் நடுவிலுள்ள ஈட்டா மீனை நான்காம் தரத்து ஒளியுடையதாகப் பட்டியலிட்டிருந்தார். நான்காம் தரம் என்பது கண்ணுக்குத் தெரியினும் கருத்தில் நில்லாத எளிய ஒளியாகும்.

குன்றின்மேல் ஒரு கூடம்

இனி நம் நகருக்கு வருவோம். திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராசாவைத் தமிழர் இசையால் அறிவர். தஞ்சை வடிவேலு முதலானோர் அவர் அவையில் சிறப்புற்றிருந்தனர். அம்மன்னர்க்கு வானநூலிலும் பெரும் ஈடுபாடு இருந்தது. ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்த சான் கால்டெகாட் என்னும் ஆங்கிலேயர் தம் சொந்தக் கருவிகளைக் கொண்டு வானத்தை ஆராய்ந்து வந்ததை அறிந்து, அவரைத் தலைநகருக்கு அழைத்தார். அந்நாளில் ஆங்கில அரசின் சார்பாளராக இருந்த பிரேசரும் இம்முயற்சிக்குத் துணை நின்றார். சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த ஆர்சுலி கூடத்தை அமைத்தார். நகரின் உயர்ந்த குன்றொன்றின்மேல் 1837-ஆம் ஆண்டில் வானாய்வுக்கூடம் எழுந்தது. அக்குன்றினை இன்றும் மக்கள் அப்சர்வேட்டரி ஹில்சு என்றே வழங்குகின்றனர். அக்கூடம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

கால்டெகாட் 1838-இன் இறுதியில் இங்கிலாந்து சென்று நல்ல கருவிகளை வாங்கிக்கொண்டு 1841-இல் திரும்பினார். காந்த ஊசியின் அசைவையும் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் மணிதோறும் குறிக்கும் பணி அப்போது தொடங்கியது. உலகெங்கும் பல கூடங்கள் ஒரே நேரத்தில் இவ்வாறு அளந்து ஒப்பிட்டுவந்த காலம் அது. அவ்வரிசையில் ஒரு சிறு தென்னாட்டரசின் கூடமும் இடம்பெற்றது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும்.

அதே 1837-ஆம் ஆண்டு திசம்பர் மாதம். நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை அளந்துகொண்டிருந்த சான் எர்செல் என்னும் பேரறிஞர், தாம் பல ஆண்டுகளாக நோக்கிவந்த ஈட்டா மீன் திடீரெனப் பெருகி எரிவதைக் கண்டு வியந்தார். முதல் தரத்து விண்மீன்களோடு அது போட்டியிட்டது. கரினா முகிலுக்குள் 1,200-க்கும் மேற்பட்ட மீன்களின் இடங்களை ஒவ்வொன்றாக அளந்து அரியதொரு படம் வரைந்தவர் அவர். அவ்விண்மீன் பின்னர்ச் சற்றே தணிந்து, மீண்டும் பொங்கி, 1843 மார்ச்சில் உச்சம் எய்தியது. அந்நாட்களில் அகத்திய மீனையும் அது விஞ்சி நின்றது.

1843 மார்ச்சு

அம்மாதத்தின் வானத்தை மனக்கண்ணால் காண்போம். மேற்கில் பெருவால்மீன் ஒன்று நெடுந்தூரம் ஒளி வீசிக்கொண்டிருந்தது. உலகின் பல பகுதி மக்களும் கண்டு திகைத்த வால்மீன் அது. நம் குன்றின் மேலிருந்து கால்டெகாட் அதனை நோக்கி, அதன் பாதையையும் கணித்து வெளியிட்டார். தெற்கே அகத்தியர். தென்கிழக்கில் அவரை விஞ்சிய ஈட்டா. நூறு ஆண்டில் ஒருமுறைகூட வாய்க்காத காட்சிகள் இரண்டு ஒரே மாதத்தில் நம் ஊர் வானில் திகழ்ந்தன. அப்போது மன்னர்க்கு அகவை முப்பது நிரம்பவில்லை. மின்விளக்கில்லாத அந்நாளில், ஸ்ரீவராகம் குளத்தில் மாலைக்கடன் முடித்துக் கரையேறிய எவரும், தலை நிமிர்ந்திருந்தால் அவ்விரண்டையும் கண்டிருக்கலாம்.

கண்டோர் பலர், எழுதியோர் சிலர். கல்கத்தாவில் வாழ்ந்த மக்காய் என்பவர், ஈட்டா அகத்திய மீனுக்கு நிகராக ஒளிர்வதைக் கண்டு நன்னம்பிக்கை முனையிலிருந்த வானநூலார் மக்லியருக்கு மடல் எழுதினார். தாம் கண்டதைத் தாளில் இட்டதனால் இன்றளவும் வானநூல் ஏடுகளில் அவர் பெயர் வாழ்கிறது. பின்னர் அம்மீன் மங்கிவந்த காலத்தில் அதன் ஒளியைச் சென்னையிலிருந்து மதிப்பிட்டுக் குறித்தவர், மாநிலக் கல்லூரியின் முதல் தலைவராக விளங்கிய பாவெல் ஆவார்.

ஆத்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில், டைரல் ஏரியை ஒட்டி வாழ்ந்த பூரோங் என்னும் பழங்குடி மக்களிடம் எழுத்து இல்லை. ஆயினும் அகத்திய மீனை அவர்கள் காகமாகவும், ஈட்டா மீனை அக்காகத்தின் மனைவியாகவும் கூறினர். அம்மக்களின் வானக்கதைகளைக் கேட்டெழுதிய சுடான்பிரிட்சு என்பவர் 1857-இல் அவற்றை மெல்போர்ன் நகரில் அறிஞர் அவையில் படித்தார். மங்கிய நிலையில் ஒருவரும் பொருட்படுத்தாத அம்மீனைக் காகத்துக்கு இணையாக வைத்தமைக்கு, அது பேரொளியுடன் எரிந்ததை அவர்கள் கண்டமையே காரணம் என்று இக்கால ஆய்வாளர் முடிவு செய்துள்ளனர். கதையும் ஒரு வகைப் பதிவே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நம் அகத்தியருக்கு உலோபாமுத்திரை துணை. அவர்தம் காகத்துக்கு ஈட்டா துணை.

தந்தை வரைந்ததும் மகன் பிரித்ததும்

1843-இல் எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும், அம்முகில் எதனால் ஆயது என்பதை ஒருவரும் அறிந்திருக்க இயலாது. இடத்தை அளக்கலாம், ஒளியை மதிப்பிடலாம், பொருளை அறிய வழியில்லை. ஒண்முகில் யாவும் தொலைவினால் கலங்கித் தோன்றும் விண்மீன் கூட்டமே என்று எண்ணியவரும் இருந்தனர்.

அவ்வழியைத் திறந்தது நிறமாலைக்காட்டி. ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்துக் காட்டும் அக்கருவியை 1864-இல் அக்கின்சு என்னும் ஆங்கில அறிஞர் வடவானத்து முகிலொன்றின்மேல் திருப்பினார். விண்மீன் கூட்டமாயின் வானவில் போன்ற தொடர்ந்த நிறப்பட்டை தோன்ற வேண்டும். அவர் கண்டதோ தனித்து நிற்கும் சில ஒளிக்கோடுகள். எரியும் வாயுவின் அடையாளம் அது. நெடுநாள் வழக்கு ஓர் இரவில் தீர்ந்தது.

தென்னாட்டு முகில்களை இவ்வாறு ஆராயும் பேறு பெங்களூருக்கு வாய்த்தது. முனையில் முகிலை வரைந்த எர்செலின் மகன், அவரும் சான் எர்செல் என்னும் பெயரினரே, 1837-இல் அம்முனையிலேயே பிறந்தவர். வளர்ந்து படைப்பொறியாளராகி இந்திய நில அளவைத் துறையில் பணியாற்ற வந்தார். 1868-இல் பெங்களூரிலிருந்து தென்வானத்து ஒண்முகில்களின்மேல் நிறமாலைக்காட்டியைத் திருப்பினார். அவர் நோக்கியவற்றுள் ஆர்கோவின் பெருமுகிலும் ஒன்று. தந்தை புள்ளி புள்ளியாக வரைந்த முகில் வாயுவே என்பதை மகன் கண்டார். இதற்குள் நடுவிலிருந்த ஈட்டா மீன் அணையும் விளக்குப்போல் மங்கி, வெறுங்கண்ணின் எல்லைக்கே சென்றுவிட்டது. மீன் எழுந்ததைத் தந்தை கண்டார். விழுந்ததை மகன் கண்டார். இரு தலைமுறையும் எழுதி வைத்தமையால் நமக்கு இரண்டும் கிடைத்தன.

ஆயினும் அக்கின்சு கண்ட பச்சை ஒளிக்கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. மண்ணுலகில் இல்லாத நெபுலியம் என்னும் புதுப்பொருள் விண்ணில் உண்டென அறுபது ஆண்டுக்காலம் பலர் நம்பினர். வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப அணுக்கள் எவ்வளவு அயனியாகும் என்பதற்குரிய கணக்கினை 1920-இல் கல்கத்தா மேகநாத சாகா வகுத்தளித்தார். விண்மீன்களின் நிறமாலையைப் படிப்பதற்கு அது திறவுகோலாயிற்று. பின்னர் 1927-இல் அமெரிக்க அறிஞர் போவன், அப்பச்சைக்கோடு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிசனுக்கு உரியது என்று நிறுவினார். மிக மெல்லிய வாயுவில்தான் அவ்வொளி பிறக்க முடியும். நாம் மூச்சில் வாங்கும் பொருளே அங்கும் ஒளிர்கிறது. புதுப்பொருள் ஒன்றும் இல்லை.

பொதிகையும் தும்பாவும்

நம் குன்றின் கதை கால்டெகாட்டோடு முடியவில்லை. மன்னர் 1846-இலும் கால்டெகாட் 1849-இலும் மறைந்தனர். 1852-இல் சுகாத்லாந்து அறிஞர் சான் ஆலன் புரூன் பொறுப்பேற்றார். உயரம் மாறினால் காந்த ஊசியின் போக்கு மாறுமா என்று அறிய விரும்பிய அவர், தேர்ந்தெடுத்த இடம் எது? அகத்தியமலை! தமிழ் தந்த முனிவன் உறைவதாக நாம் போற்றும் அப்பொதிகையின் உச்சியில், யானைக்காட்டையும் அட்டைகளையும் மழையையும் கடந்து, 1855-இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கீழே திருவனந்தபுரத்திலும் மேலே அகத்தியமலையிலும் ஒரே நேரத்தில் அளவுகள் எடுக்கப்பட்டன. காந்தப் புலத்தில் ஏறத்தாழ 26 நாளுக்கொருமுறை மீளும் மாற்றம் உண்டென்றும், அது சூரியன் தன்னைத்தான் சுற்றுவதோடு தொடர்புடையதென்றும் அவர் கண்டார். 1865 வரை அவர் இங்குப் பணியாற்றினார்.

நண்பகலில் நம் ஊர்க் காந்த ஊசி ஏன் அசைகிறது என்பதற்குரிய விடை பிற்காலத்தில் வந்தது. நிலத்துக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்சு கதிரும் காற்றணுக்களை அயனியாக்குகின்றன. காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அங்கே மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. அதன் வலிமையே ஊசியை அசைக்கிறது. கரினா முகிலில் பெருமீன்கள் செய்யும் அயனியாக்கத்தை நம் தலைக்கு மேல் சூரியன் சிறிய அளவில் நாள்தோறும் செய்துவருகிறது! அவ்வகையில் ஸ்ரீவராகத்தின் வானமும் கரினாவின் முகிலும் ஒரே நியதிக்கு உட்பட்டவை.

அம்மின்னோட்டத்தை நேரே ஆராய்வதற்கென்றே, காந்த நடுக்கோட்டை அணித்தான தும்பாக் கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று மாலை அங்கிருந்து முதல் ஏவுகணை எழுந்தது. அது உயரே சோடிய ஆவியைச் சிந்த, மறைந்த கதிரவனின் ஒளியில் அவ்வாவி செம்மஞ்சள் முகிலாய் ஒளிர்ந்தது. கேரளத்திலும் தமிழகத்தின் தென்பகுதியிலும் மக்கள் தெருவில் நின்று அதனை வியந்து பார்த்தனர். அன்று அதனைக் கண்ட பெரியவர்கள் இன்றும் நம் குடும்பங்களில் உள்ளனர்.

சுற்றி வந்த ஒளி

ஈட்டா கரினே பற்றி இன்று நாம் அறிந்தவற்றையும் சுருக்கமாகக் கூறுவோம். அது ஒரு மீனன்று, இரண்டு மீன்கள். ஒன்றையொன்று ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுக்கொருமுறை சுற்றிவருகின்றன. 1996-இல் பிரேசில் நாட்டு அறிஞர் தாமினேலி இக்காலச் சுழற்சியை வெளிப்படுத்தினார். இரண்டும் சேர்ந்து சூரியனைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட பொருளும், ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மடங்கு ஒளியும் உடையன. 1840-களின் பொங்கலில் சூரியனைப்போல் பத்து மடங்குக்கும் மிகுதியான பொருளை அது வெளியே வீசியது. வீசப்பட்டது இரு குமிழிகளாக இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. அத்தூசியே நெடுங்காலம் மீனை மறைத்து மங்கச் செய்தது. இப்போது திரை சற்றே விலக, மீன் மீண்டும் நான்காம் தரத்தை ஒட்டி வந்துள்ளது. இருண்ட ஊர்ப்புறத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும். முகிலின் மற்றொரு பகுதியில் புதுமீன்கள் பிறக்கும் காட்சியை வெப் விண்தொலைநோக்கி எடுத்த படம் 2022 சூலை 12 அன்று உலகுக்கு வெளியிடப்பட்டது. ஓரிடத்தில் பிறப்பு, ஓரிடத்தில் இறுதியை நெருங்கும் முதுமை. முகில் இரண்டையும் தாங்கி நிற்கிறது.

இவை அனைத்தினும் நம் நெஞ்சைத் தொடும் செய்தி வேறொன்று உண்டு. 1843-இல் நிறமாலைக்காட்டி இல்லை. எனவே அப்பொங்கலின் ஒளியை ஆராயும் வாய்ப்பு என்றென்றைக்குமாகத் தவறிப்போயிற்று என்றே அறிஞர் கருதினர். ஆனால் மீனிலிருந்து புறப்பட்ட ஒளி முழுவதும் நம்மை நோக்கி நேரே வரவில்லை. வேறு திசையில் சென்ற ஒளியில் ஒரு பகுதி தொலைவிலுள்ள தூசிப்படலங்களில் பட்டுத் திரும்பி, வளைந்த வழியில் நெடும்பயணம் செய்து, 160 ஆண்டுகளுக்கு மேல் காலந்தாழ்ந்து இப்போது நம்மை அடைந்துகொண்டிருக்கிறது. சிலி நாட்டிலிருந்த தொலைநோக்கியால் அதனைப் பிடித்த ஆர்மின் இரெசுட்டு குழுவினர், அதன் நிறமாலையை ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டனர். பொங்கியெழுந்த வாயுவின் வெப்பம் ஏறத்தாழ 5,000 கெல்வின் என்று தெரியவந்தது. முன்னர் எதிர்பார்த்ததினும் அது குளிர்ந்திருந்தது. சுவாதித் திருநாள் காலத்து வானில் எரிந்த அதே பொங்கலின் ஒளி, நேர்வழியில் வந்தபோது கருவியின்றிக் கைநழுவியது. சுற்றுவழியில் வந்தபோது கைக்கு அகப்பட்டது.

நாமும் அவ்வாறு சுற்றுவழியில் வந்தவர்களே. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மாட்டுவண்டியில் வந்தவர் உண்டு. 1904-இல் செங்கோட்டை வழியே கொல்லம் வரை அமைந்த இரயில் பாதையில் வந்தவர் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, வேலையும் வீடும் இப்பக்கம், உறவும் நிலமும் அப்பக்கம் என்று நின்றவர் உண்டு. பின்னர் இங்கிருந்தே வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆத்திரேலியாவுக்கும் சென்ற பிள்ளைகள் உண்டு. இவர்களுள் எத்தனை பேர் தாம் கண்டதை எழுதி வைத்தனர்? எந்த ஆண்டு வந்தோம், எந்தத் தெருவில் முதலில் குடியிருந்தோம், எந்தக் கடையில் கணக்கெழுதினோம் என்பதையேனும் நாட்குறிப்பாக விட்டுச் சென்றவர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. விண்மீனின் ஒளிக்குத் தூசிப்படலம் இரண்டாம் வாய்ப்பைத் தந்தது. தாத்தாவும் பாட்டியும் சொல்லாமற் போன செய்தியைத் திருப்பி அனுப்ப எந்தப் படலமும் இல்லை.

கல்கத்தாவின் மக்காய் பெருங்கருவி ஒன்றும் கொண்டு அம்மடலை எழுதவில்லை. கண்ணால் கண்டார், நாளும் ஒப்புமையும் குறித்து எழுதினார். பூரோங் மக்களுக்கு ஏடும் இல்லை. தம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். இவ்விரண்டில் ஒன்றேனும் நம் ஒவ்வொரு வீட்டிலும் நிகழ வேண்டும் என்பதே நம் விழைவு.

வருகின்ற சித்திரை முதல் நாளன்று, கனி கண்டு, கைநீட்டம் கொடுத்து, விருந்துண்டு முடித்த பின்னர், ஓர் இருநோக்கியை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஸ்ரீவராகம் குளக்கரைக்குச் செல்வோம். தென்மேற்கில் அகத்தியரைக் காட்டுவோம். தென்கிழக்கில் சிலுவையைக் காட்டுவோம். நடுவில் மங்கலாய்த் தெரியும் சிறு ஒளித்திட்டைக் காட்டி, இந்நகரில் மன்னரொருவர் வானாய்வுக்கூடம் கட்டிய நாளில் அது எவ்வாறு எரிந்தது என்று சொல்வோம். 1963-இன் செம்மஞ்சள் முகிலைக் கண்ட பெரியவர் உடனிருந்தால், அன்று எந்தத் தெருவில் நின்று கண்டார் என்று கேட்போம். வீடு திரும்பியதும், கேட்டதனையும் கண்டதனையும் நாளிட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைப்போம்.